அவள் அழித்த கட்டம்

சாப்பாட்டு மேசையில் இருந்த தர்பூசணியில் யாரோ சிவப்பு மார்க்கரால் ஒரு கட்டம் வரைந்திருந்தார்கள். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து சாறு வழிந்து, மேசை விளிம்பைத் தாண்டி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் சத்தம் அந்தப் பட்டப்பகல் வீடு முழுக்கக் கேட்டது.

காலை டியூட்டி முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. மூளை ஸ்கேனில் கட்டி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஏஐ இப்படித்தான் சிவப்புக் கட்டம் போடும். டெக்னீஷியனான அவள் ‘சரி’ கொடுத்தால்தான் அது டாக்டர் பார்வைக்குப் போகும். நோயாளி தலையை அசைப்பதால் விழும் நிழலுக்கும் கட்டம் போட்டுத் தொலைக்கும், சனியன் என்று கணவனிடம் தினமும் புலம்புவாள்.

இரண்டு வாரம் முன்பு, ஓயாத தலைவலி என்று புலம்பிய கணவனை உணவு இடைவேளையில் மெஷினுக்குள் படுக்கவைத்தாள்.

“தலைய அசைக்காதீங்க. உள்ள மூளை இருக்கான்னு முதல்ல பாப்போம்.”

அவன் சிரித்துவிட்டான். திரையில் அவன் இடது நெற்றிக்குள் ஒரு கட்டம் விழுந்தது. சிரித்த சிரிப்பின் நிழல் என்று ‘தவறு’ அழுத்தி அழித்தாள். அவனிடம் சொல்லவும் இல்லை.

ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதன், போன வாரம் கதவை உதைத்து உடைத்தான். நேற்று அவள் மணிக்கட்டை முறுக்கிவிட்டு, ஏன் அழுகிறாய் என்று கேட்டான். இன்று டாக்டரிடம் சொல்லிவிடத்தான் போனாள். வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொல்லாமலே திரும்பிவிட்டாள்.

கூடத்துச் சுவரில் ஒரு கட்டம். ஓட்டை. தலையணையில் இன்னொன்று. வாஷிங் மெஷின் மேல் பூனை படுத்திருந்தது. வால் ஆடவில்லை. அதன் தலையை அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மயிர் கருகும் வாடை. குளியலறையில் சுவரைத் துளைக்கும் டிரில் சுற்றியது. எதையோ கடித்து, திணறி, நின்றது.

“ஏங்க?”

“வந்துட்டியா? திறந்துதான் இருக்கு.”

தள்ளினாள். வாஷ்பேசின் முழுக்க ரத்தம். கண்ணாடி முன் அவன். இடது நெற்றியில் சிவப்புக் கட்டம். அவள் அழித்த அதே இடம். நடுவில் ஓட்டை.

“எடுத்துட்டேம்மா. வலியே போச்சு.”

“ஐயோ! நான்தாங்க… நான்தான் அழிச்சேன்…”

அவன் கை அவள் பிடரியை இறுக்கியது.

“தலைய அசைக்காத. நிழல் விழும்.”

மார்க்கரின் ஈரமுனை நெற்றியில் பட்டது. ஒரு கோடு. இரண்டு. மூன்று.

கண்ணாடியில் இரண்டு முகங்கள். இரண்டு கட்டங்கள்.

டிரில் சுற்றத் தொடங்கியது.