பதினோரு கிலோமீட்டர் சுற்று

"இந்த ரூட்டைப் போட்ட புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சான்னா...!"

மழைக்கு ஒதுங்கிய பம்ப் ஹவுஸ் வாசலில் ஐஸ் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள் அவள். ஊரின் தண்ணீர்த் தொட்டிகளில் மாதிரி எடுத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது அவள் வேலை.

பக்கத்தில் நனைந்து நின்றவன் கேட்டான். "கிடைச்சா என்ன செய்வீங்க?"

"இந்தப் பெட்டியோட மேட்டுத் தொட்டி ஏணியில ஏற விடுவேன்!"

"இப்பத்தாங்க ஏறி இறங்கினேன்... கால் இன்னும் நடுங்குது. அந்தப் புண்ணியவான் நான்தான்."

நிமிர்ந்தாள். இமைகளில் மழைத்துளி... அதன் கீழே கொஞ்சம் பயந்த கண்கள். 'ஐயோ, இப்படிப் பார்த்தா எப்படித் திட்டுறது?'

அலுவலகத்தில் உட்கார்ந்து வழித்தடம் வரைபவன், நேரில் பார்க்க வந்திருந்தான். ஒரு வாரம் அவள் வண்டியிலேயே சுற்றினான். எந்த கேட் எப்போது திறக்கும், எந்தத் தெருவில் எப்போது நெரிசல்... எல்லாம் எழுதிக்கொண்டான். யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிப்பான். அவள் கவனிக்காத மாதிரியே கவனித்தாள்.

தினமும் பன்னிரண்டு மணிக்கு மட்டும் சுற்றிக்கொண்டு போய் ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்துவாள்.

"எங்கே போறீங்க?"

"சொந்த வேலை." அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவன் அறிக்கை வந்தது. 'தேவையற்ற சுற்று, பதினோரு கிலோமீட்டர். நீக்கலாம்.' படித்தவளுக்குச் சுருக்கென்றது. அந்தத் தெருவில் காத்திருக்கும் அம்மாவைக் காட்டிச் சலுகை கேட்பதா? புது வழியிலேயே ஓட்டினாள். அவன் போனில் அழைத்தபோது எடுக்கவில்லை.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மதியம் அந்தத் தெருவுக்கே போய், தண்ணீர் சோதிக்கிற பெண்ணின் வீட்டை விசாரித்தான். கதவைத் திறந்த அம்மாவின் வலது கை அசைவின்றித் தொங்கியது. மேசையில் மூடி வைத்த தட்டு.

"அவ மூணு மணிக்குத்தான் வருவாப்பா."

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

"அவ வந்து ஊட்டுவா. முன்னெல்லாம் பன்னெண்டுக்கே வந்துடுவா... இப்போ என்னமோ ரூட்டை மாத்திட்டாங்களாம்."

அவன் தலை குனிந்தது.

மூன்றாம் நாள் காலை. அவள் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு வரைபடத்தோடு வந்து நின்றான்.

"கடைசித் தொட்டியில ஆரம்பிங்க. இப்போ காலையிலேயே முடிக்கிற உங்க தெருத் தொட்டிக்கு அப்போ பன்னெண்டு மணிக்கு வருவீங்க."

அவள் முகம் சிவந்தது. "வீட்டுக்குப் போனீங்களா? உங்க இரக்கத்தை யார் கேட்டா?"

"இரக்கம் இல்லங்க. தூரத்தைப் பாருங்க... நான் போட்டதைவிட ஒரு மீட்டர்கூட அதிகமில்ல. திருப்பி ஓட்டிப் பார்க்கத் தோணாதது என் தப்பு."

விரலால் கோட்டைத் தொடர்ந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை...

"இதை மெயில்ல அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியிருக்கலாம்..." பேனா மூடி வாய்க்குப் போய், பாதியில் நின்றது. "உங்களைப் பார்க்க முடியாதே. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

அவள் ஐஸ் பெட்டியின் மூடியை மெல்லச் சாத்தினாள்.

"பேசாம இருந்த நாளெல்லாம்... பக்கத்து சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். எனக்கும் பிடிச்சிருக்கு."