ஒன்பது சுற்று ஓடிய கோள்

வகுப்பிலேயே குட்டையானவள் பொடிசு. அறிவியல் நாடகத்தில் அவளுக்குக் கிடைத்த வேடமோ பிரம்மாண்டமான வாயுக்கோள்.

“டீச்சர், நான் இத்தனூண்டு இருக்கேனே?”

“வேகமா ஓடுவியே, அது போதும். இந்தக் கோள் நட்சத்திரத்துக்கு ரொம்பப் பக்கத்துல சுத்துது. நாலே நாள்ல ஒரு சுற்று.”

“அப்போ அங்க நாலு நாளுக்கு ஒரு பிறந்தநாளா?”

“ஆமா.”

பொடிசு உடனே ஒப்புக்கொண்டாள்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. அந்தக் கோளோட ஒரே பக்கம்தான் எப்பவும் நட்சத்திரத்தைப் பார்க்கும். அதனால உன் முகம் நட்சத்திரமா நடிக்கிறவன் பக்கமே இருக்கணும்.”

அதாவது, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓட வேண்டும்.

வீட்டு ஜன்னலின் ஆரஞ்சுத் திரைச்சீலை இரண்டு பெரிய வளையங்களில் ஏறிக் கோளானது. “பத்திரமா வந்து சேரணும்,” என்றார் அம்மா. திரைச்சீலையைத்தான் சொன்னார்.

நட்சத்திரம், அவள் வகுப்புத் தோழன் நெட்டை. தலையில் விளக்கோடு முக்காலியில் உட்கார்ந்து ஐந்து வரி பேச வேண்டும். வீட்டில் மடமடவென்று ஒப்பிப்பான். நாலு பேரைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும்.

“போன வருஷம் பாறை. அதுக்கு முந்தி மரம்,” என்றான் பொடிசிடம். “இப்பதான் பேசுற வேஷம். இதுலயும் சொதப்பினா மறுபடி பாறைதான்.”

விழா நாளில் திரை விலகியது. நெட்டை வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை.

எடுத்துக் கொடுக்கலாம் என்றால், அவன் மூக்குக்கு நேராக மைக். கிசுகிசுத்தால் கூடமே கேட்கும். பொடிசு ஓடினாள். அவனுக்கு முன்னால் வந்ததும், திரைச்சீலை அவனை மறைத்த நொடியில், சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்: ‘நான்...’

“நான் தொலைதூர நட்சத்திரம்!” என்று முழங்கினான் நெட்டை.

ஐந்து வரிக்கு ஐந்து சுற்று என்பதுதான் ஏற்பாடு. மூன்றாவது வரிக்கு மட்டுமே மூன்று சுற்று ஆனது. திரைச்சீலைக்குள் வியர்த்துக் கொட்டியது. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு சூடு என்று டீச்சர் சொன்னது சரிதான். ஐந்தாவது வரி முடிந்தபோது அவள் ஓடியிருந்தது ஒன்பது சுற்று. கூடம் கைதட்டி ஓய்ந்தது.

“அஞ்சுதானே சொன்னேன்?” என்றார் டீச்சர், மேடைக்குப் பின்னால்.

“வேகத்துல நிறுத்த முடியல டீச்சர்.”

“அப்படியா? தூரத்துல இருக்குற கோளை நேரா பார்க்குறது கஷ்டம். அது குறுக்க வர்றப்போ நட்சத்திரத்தோட வெளிச்சம் கொஞ்சம் மங்கும். அதை வச்சுக் கண்டுபிடிப்பாங்க.”

“தெரியும் டீச்சர். அதுதான் மூணாவது வரி.”

“நானும் அப்படித்தான் கண்டுபிடிச்சேன். நீ குறுக்க வந்தப்பல்லாம் அவனுக்கு வாய் திறந்துச்சு.”

பொடிசு திரைச்சீலைக்குள் தலையை இழுத்துக்கொண்டாள். டீச்சர் சிரித்தார். “அடுத்த வருஷமும் அவனுக்குப் பேசுற வேஷம்தான். பயப்படாதே.”

நெட்டை தண்ணீர் பாட்டிலோடு வந்தான். சுற்றிலும் டீச்சர், பெற்றோர், பாதி வகுப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“பொடிசு, உனக்கு என் இனிய ஒன்பது பிறந்தநாள் வாழ்த்துகள்!” என்றான், யாரும் எடுத்துக் கொடுக்காமலே.