செம்பரிதியின் மூன்றாம் போர்

ஆண்டு விழா நாடகத்தில் அரக்கனை வெல்லும் இளம் செம்பரிதியாக நடிக்கத்தான் ஜோதிகா ஆசைப்பட்டாள். கிடைத்ததோ எண்பது வயதுச் செம்பரிதி வேடம்.

கிருஷ்ணம்மாள் டீச்சர் எழுதிய வீரக்கதை அது. செம்பரிதிக்கு மூன்று போர்கள். ஐந்து வயதில் ஆற்று வெள்ளத்தோடு போராடுவார். இருபத்தைந்தில் அரக்கனோடு மோதுவார். எண்பதில், மலை உச்சியில் விளக்கேற்றத் தனியாகப் படியேறுவார். அவ்வளவுதான்.

ஒத்திகையில் ஜோதிகா கூன் போட்டாள், இருமினாள், தடியைத் தட்டித் தட்டி நடந்தாள். ஆறாம் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"படி ஏறுறதெல்லாம் ஒரு சண்டையாபா?" என்று கேட்டான் அரக்கனாக நடித்த விக்ரம்.

டீச்சருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் அந்தக் காட்சியை எடுத்துவிடலாம் என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐயம்பேட்டை பஸ்ஸில் ஏற ஜோதிகா வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் அவள் தெருக்காரர் ஒருவர். பெயர் சின்னப்பையன். வயதோ எண்பதுக்கு மேல்.

பஸ்ஸின் முதல் படி அவர் முழங்கால் உயரம் இருந்தது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஜோதிகா பெரியவரின் கையைப் பிடிக்கப் போனாள்.

"வேணாம்மா. பைய மட்டும் வச்சிக்கினு நில்லு. நானே ஏறிக்கிறேன்."

அவள் பையை வாங்கிக்கொண்டாள். பின்னால் இருப்பவர்கள் முட்டாதபடி குறுக்கே நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. தாத்தா ஏறிக்கினு இருக்காரு," என்றாள். கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பெரியவர் கம்பியைப் பற்றினார். புறங்கையில் நரம்புகள் புடைத்தன. தூக்கிய கால் படியில் இடித்துத் திரும்பியது. மூச்சு வாங்கியபடி அவர் படியை உற்றுப் பார்த்தார். மறுபடியும் தூக்கினார். உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனால் அவர் கூனவில்லை. தன்னால் முடிந்தவரை நிமிர்ந்தே இருந்தார்.

ஜோதிகா அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்து நடை பழகியிருப்பார். பிறகு ஒரு காலத்தில் ஓடும் பஸ்ஸில் தாவி ஏறியிருப்பார். இன்றைக்கு இந்தப் படி. எத்தனை பெரிய போர், அதுவும் இத்தனை அமைதியாக!

பெரியவர் ஏறிவிட்டார். இருக்கையில் அமர்ந்து, ஒரு ராஜாவைப் போலப் பையை வாங்கக் கை நீட்டினார்.

மறுநாள் ஒத்திகையில் ஜோதிகா இருமவில்லை, கூனவும் இல்லை. டீச்சர் காட்சி முடியும்வரை பார்த்தார். பிறகு, "இந்தக் காட்சி இருக்கட்டும்மா," என்றார்.

விழா நாளில், பெஞ்சுகளை அடுக்கிச் செய்த மலை ஒன்று மேடையில் நின்றது. மொத்தம் ஆறு படிகள். முதல் படியில் செம்பரிதியின் கால் வழுக்கியபோது யாரோ சிரித்தார்கள். மூன்றாம் படியில் அவர் நின்று மூச்சு வாங்கியபோது சிரிப்பு அடங்கியிருந்தது. ஐந்தாம் படியில், முன்வரிசைப் பிள்ளைகள் தங்களை அறியாமலே எழுந்து நின்றார்கள்.

உச்சியில் விளக்கு எரிந்தது.

உடனே திரையை இழுக்க வேண்டியவன் விக்ரம். அரக்கன் மீசையோடு, கயிற்றைக் கையில் பிடித்தபடி, அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அதனால் செம்பரிதி இன்னும் கொஞ்ச நேரம் மலைமேலேயே நின்றார்.