கருப்பாயி அழாத காலை

காலை ஏழு மணி. கலவானை ஊருக்கு மேலே, தேயிலை ஃபெக்டரியின் கொழுந்து வாட்டும் மாடியில் இருளப்பன் இறந்து கிடந்தார். கொழுந்துக்குக் காற்றூதும் பெரிய ஃபேனில் சிக்கிய குப்பையை எடுக்கக் குனிந்தவர். நின்றிருந்த ஃபேன் திடீரென்று சுழன்றிருக்கிறது.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் மீராசாஹிப் வந்தபோது, ஃபெக்டரிப் பெண்கள் படிக்கட்டோடு நின்றுவிட்டார்கள். மேலே, சுழலாத மோட்டாரிலிருந்து ஒரு பெண் மெல்ல அழுவதுபோல் கேட்டது. அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

"இங்க செத்த கருப்பாயிங்க," என்றாள் இருளப்பனின் மகள் ஷாமிளா. "ஃபேன் வேகத்தக் கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் பூட்டுனதுல இருந்து அழுவுறா. அவ அழுதா ஃபேன் தானா கிளம்பும், கை வைக்க மாட்டோம். நேத்துப் பூசை போட்டாங்க. அழுகை நின்னுச்சு. அப்பாவத் தின்னுட்டு இப்பத் திரும்ப அழுவுறா."

"பிரமை சேர்," என்றார் ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் கஜேந்திரன். "அது நிக்கவே இல்ல. கேட்டும் குனிஞ்சான்னா குடிதான். குடிகாரனுக்குத் தோட்டம் நட்டஈடு குடுக்காது."

"எங்கப்பா குடிக்க மாட்டாருங்க!"

இன்வெர்ட்டர் அறைக்குள் மீராசாஹிப் நுழைந்தார். ஸ்டூலில் ஒரு மேசை ஃபேன், இன்வெர்ட்டர் பெட்டியைப் பார்த்தபடி.

"யாருடையது?"

"என் ஒஃபிஸ் ஃபேன்," என்றார் பின்னால் வந்த கஜேந்திரன். "ராத்திரி பெட்டி சூடாயிடுச்சு."

"அதுக்கு முந்தி?"

"இல்ல."

மீராசாஹிப் பெட்டியைத் தொட்டார். சூடில்லை.

"பூசாரியைக் கூட்டிட்டு வந்தது?"

"இந்த ஐயாதாங்க," என்று கஜேந்திரனைக் காட்டினாள் வாசலில் நின்ற ஷாமிளா.

"இன்வெர்ட்டர் கரண்டை வெட்டி வெட்டித்தான் மோட்டாருக்கு அனுப்பும்," என்றார் மீராசாஹிப். "மெதுவா வெட்டினா, நின்ன மோட்டாரும் அழும்; கரண்ட் வந்துட்டிருக்கு, எப்ப வேணும்னாலும் கிளம்பும்னு அர்த்தம். வேகமா வெட்டினா சத்தம் காதுக்கு எட்டாது, ஆனா பெட்டி சூடாகும். நேத்து வேகத்தைக் கூட்டினீங்க. பொணத்தைப் பார்த்ததும் பழையபடி குறைச்சீங்க. மேசை ஃபேனை எடுக்க மறந்துட்டீங்க. கஜேந்திரன், இருளப்பன் சாவு உங்க கையில."

கஜேந்திரன் சுவரில் சாய்ந்தார். "பயத்துல யாரும் மாடி ஏறல சேர். மோட்டார் சத்தம்தான்னு எத்தனையோ தடவ சொன்னேன், நம்பல. பூசைன்னா நம்புவாங்கன்னு..."

"நம்பினார். கருப்பாயி போயிட்டா, இனி தானா கிளம்பாதுன்னு நம்பித்தான் குனிஞ்சிருக்கார்."

ஷாமிளா கஜேந்திரனுக்கு முன்னால் வந்து நின்றாள். "எங்கப்பா குடிக்கலன்னு சொல்லுங்க."

அவர் ஏதோ முனகினார்.

"எனக்கில்லைங்க," என்றாள். "படியில நிக்கிறாங்களே, அவங்களுக்குக் கேக்கணும்."