சறுக்குமேட்டில் ஒரு சவம்

சென்னிமலை செத்துக் கிடந்தார்.

ஏற்காட்டு மலையில், தானே வெட்டிச் சீராக்கிய சறுக்குமேட்டின் அடியில், பாறையில் மண்டை மோதி... வாய் நிறையப் புல்லோடு!

குமாரபாளையத்தில் தறி போட்டுப் பிழைத்த குடும்பம் அது. போர்வை விற்க மலையேறிய சென்னிமலை, பொழுது போகாத துரைமார் புல்சரிவில் பலகை போட்டுச் சறுக்குவதைப் பார்த்தார். அன்றைக்கே புத்தி கெட்டது! சீமையில் பனியில் சறுக்குவார்களாம். இங்கே பனிக்கு எங்கே போவது? புல் போதும் என்றார்.

ஊர்த் தறிகளை ஆட்களிடம் விட்டுவிட்டு 1928-ல் ஆரம்பித்தார். மலையில் கூலிக்கு ஆள் வைக்கவில்லை. இரண்டு மகன்களும் கல் உடைத்தார்கள். மூத்த மருமகள் அங்கம்மாள் இடுப்பில் பிள்ளையும் தலையில் கல்லுமாக மூன்று வருஷம் நடந்தாள். மேட்டின் உச்சியில் துரைமார் தங்க ஒரு பங்களா எழுந்தது. தொப்பை வைத்த துரைமாரும் தொப்பி வைத்த துரைசானிகளும் வந்து "ஊ... ஊ..." என்று சறுக்கினார்கள். பெரிய மனுஷர்கள் செய்கிற வேலையா இது? அங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பலகையின் பின்னால் ஒரு நீளக் கயிறு. மேலே முளையில் கட்டியிருக்கும். பாறைக்குப் பத்தடி முன்னால் பலகையை இழுத்து நிறுத்திவிடும். துரைமார் ஏறுவதற்கு முன், தினமும் காலையில் கிழவர் ஒரு தரம் சறுக்கிப் பார்ப்பார்.

இன்றைக்கும் சறுக்கினார்.

கயிறு அறுந்தது!

அறுந்த முனையில் பாதிக்கு மேல் கத்திவெட்டு. இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன், கயிற்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். மூத்தவன் சண்முகவேல் என்றார்கள். உடனே விலங்கு!

காரணமும் கையோடு கிடைத்தது. மலையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், தறிக்கே திரும்பிப் போகிறேன் என்று நேற்றுக் காலை சண்முகவேல் சொல்ல, கிழவர் துரைமார் எதிரிலேயே அறைந்திருக்கிறார்.

அங்கம்மாள் இன்ஸ்பெக்டரிடம் ஓடினாள். புருஷனைத் தூக்கில் போட்டுவிடுவார்களே!

அறை வாங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே பலகைக்கு மெழுகு பூசப் போன மனுஷன் அவன். அதற்கு மேல் கோபப்படத் துப்பில்லாதவன். அவனா கொலை செய்வான்? சொன்னாள். யார் கேட்டார்கள்?

அப்போதுதான், விசாரணை நடந்த பங்களா வாசலில் வாடகை மோட்டாரில் வந்து இறங்கினான் இளையவன் மயில்சாமி.

கோட்டு. டை. பளபளக்கும் பூட்ஸ். சேலத்தில் இரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்துவிட்டு, இங்கே 'மேனேஜர்' நாற்காலியில் உட்கார்ந்தவன். இட்லியைக்கூட முள்கரண்டியால் குத்தித் தின்கிற ஜென்மம்! பங்களாவை ஒரு காப்பித் தோட்டத்துத் துரைக்கு விற்று முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். என் உயிர் போனால்தான் அது நடக்கும் என்று கிழவர் போன வாரம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மயில்சாமி கைக்குட்டையை எடுத்து, ஈரமில்லாத கண்ணைத் துடைத்தான்.

இன்ஸ்பெக்டர் ஒப்புக்குக் கேட்டார்.

"நேத்து நீங்க எங்க இருந்தீங்க, மிஸ்டர் மயில்சாமி?"

"குமாரபாளையத்துல சார். நேத்துக் காலைல போனவன், இப்பத்தான் வாரேன். எங்க தறி பன்னெண்டும் ஓடிட்டிருந்துச்சு. பொழுதுக்கும் பக்கத்துலயே நின்னேன். அந்தச் சத்தத்துல காது இன்னும் அடைச்சுக் கெடக்குது."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

அங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கீழே மாமனார் பிணம் கிடக்கிறது, புருஷன் கையில் விலங்கு... சிரிப்பு!

"ஏனுங்க சாமி, அதை நல்லா அழுத்தி எழுதிக்கோங்க."

"எதம்மா?"

"தறி ஓடுச்சுங்கறாரே, அதைத்தானுங்க. நேத்து அமாவாசைங்க. என்ற மாமனாரு காக்காய்க்குச் சோறு வெச்சுப்போட்டுத்தான் சாப்பிட்டாரு. அமாவாசையன்னிக்கு எங்க தெருவுல எவன் தறிக்குழியில காலு வெப்பான்?"

இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவருக்குத் தறியும் தெரியாது, குழியும் தெரியாது. ஏட்டு கந்தனைத் திரும்பிப் பார்த்தார். கந்தன் ராசிபுரத்து நெசவுத் தெருவில் பிறந்தவர். அந்தம்மா சொல்வது சரிதான், அமாவாசைதான் நெசவாளிக்கு லீவு, அன்றைக்கு ஒரு தறிகூட ஓடாது என்றார்.

மயில்சாமியின் முகம் வெளுத்தது.

எட்டு வருஷமாகத் துரைமாரோடு ஞாயிற்றுக்கிழமை லீவுக்குப் பழகியவன். நேற்று செவ்வாய்க்கிழமை, வேலை நாள்தானே என்று நினைத்துவிட்டான் முட்டாள்!

"அது... திங்கக்கெழமையா இருக்கும் சார்..."

"திங்கக்கிழமை நீங்க இங்க துரைமாரோட டீ குடிச்சதுக்கு நாலு சாட்சி இருக்கு. நேத்து எங்க இருந்தீங்க?"

எடுத்தான் ஓட்டம்!

பாதையை இரண்டு கான்ஸ்டபிள்கள் மறித்தார்கள். மயில்சாமி திரும்பிச் சரிவில் பாய்ந்தான். பனி ஈரம் காயாத புல். சீமை பூட்ஸ். கேட்க வேண்டுமா? பின்பக்கம் தரையில் பட, டை காற்றில் பறக்க, மேட்டிலிருந்து அடிவாரம் வரை ஒரே சறுக்கு. அப்பன் பிணத்தின் காலடியில் போய் நின்றான். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரன் நோகாமல் குனிந்து காலரைப் பிடித்தான்.

அங்கேயே உளறிவிட்டான். நேற்று முழுக்கக் காப்பித் தோட்டத்தில் ஒளிந்திருந்து, பொழுது சாய்ந்ததும் வந்து கயிற்றை அறுத்தானாம். பழி அண்ணன் மேல் விழும் என்பதும் கணக்கில் இருந்ததாம்.

சண்முகவேலின் கையிலிருந்த விலங்கு தம்பியின் கைக்கு மாறியது. சண்முகவேல் தம்பியைப் பார்த்து விம்மினான். அதற்கும் கோபப்படத் துப்பில்லை! அங்கம்மாள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப்பு இல்லாத காலம். வந்த வாடகை மோட்டாரிலேயே மயில்சாமியை ஏற்றினார்கள். அங்கம்மாள் கிட்டே போய்க் குனிந்தாள்.

"வருத்தப்படாதீங்க கொழுந்தனாரே. தூக்குக்குத் தப்பிச்சீங்கன்னா ஜெயில்ல தறி குடுப்பாங்களாமா... அங்க அமாவாசையன்னிக்கும் காது அடைக்கும்!"