பலகையில் பூஜ்யம்

"பதினேழும் பதினெட்டும் வாங்க!"

எக்ஸ்-ரே கூடத்தின் குட்டி ஜன்னலுக்குள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தலையை நீட்டினால் என்ன ஆகும்? டொங்கென்று முட்டிக்கொள்ளும். முட்டிக்கொண்டது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" நெற்றியைத் தேய்த்தபடி சீறினாள் அவள்.

"இவ்வளவு நேரம் தெரியல... இப்பதான் தெரியுது" என்றான் அவன், அவள் கண்களையே பார்த்துக்கொண்டு.

விருட்டென்று கிளம்பிப் போய்விடலாம் என்றால் வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. குடையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். மறுநாள் காலை புது வேலையில் சேர வேண்டும். அதற்கு முன் அப்பாவின் முழங்கால் படத்தை வாங்கிப் போய்விடலாம் என்று வந்த இடத்தில் இப்படி ஒரு முட்டல்.

அவன் வலது கையில் மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பட்டையாகக் கட்டுப் போட்டிருந்தார்கள்.

"எப்படிங்க அடிபட்டுச்சு? நோட்டுல எழுதணும்" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.

"வீட்டுல... கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு."

அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவன் இடது கை கண்ணில் பட்டுவிட்டதே... நக இடுக்கெல்லாம் சாம்பல் நிறக் கல்தூள். எந்தச் சோப்புக்கும் போகாத தூள். இருபத்திரண்டு வருஷம் அப்பாவின் நகத்தில் அதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

"ஏங்க, உங்க வீட்டுக் கதவு கல்லுல செஞ்சதா?"

அவன் திடுக்கிட்டான். அப்புறம் சிரித்துவிட்டான். "சந்தேகமா இருந்தா ஒரு நாள் வந்து தட்டிப் பாருங்களேன்."

"ஆசையைப் பாரு!"

சிரித்தாலும் அந்தக் கண்களுக்குள் ஏதோ ஒரு பயம் பதுங்கியிருந்தது. ஜன்னல்காரர் இரண்டு கவர்களை நீட்டினார். ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டார்கள். மழை கொஞ்சம் விட்டதும் அவள் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் அந்தக் கண்கள்தான். சே... யாரோ எவனோ!

வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் டிவி போட்டால் தெருவில் வேறு யாரும் போட வேண்டியதில்லை, அவ்வளவு சத்தம். கல் அரைக்கும் உருளைக்குப் பக்கத்தில் நின்றே அப்பாவின் இடது காது அடைத்துப் போய்விட்டது. வலது காதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்.

அப்பா படத்தை உருவி விளக்குக்கு நேரே பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஏம்மா... என் முழங்கால்ல எப்ப விரல் முளைச்சுச்சு?"

அவள் ஓடிப் போய்ப் பார்த்தாள். ஐந்து விரல்கள். அதில் இரண்டில் முடி போல மெல்லிய விரிசல். கவர் மாறிப் போயிருந்தது.

*

மலைக்கல்லை உடைத்து, அரைத்து, கழுவி, தாதுவைத் தனியே பிரிக்கிற ஆலை அது. வாசலில் பெரிய பலகை. 'விபத்து இல்லாத நாட்கள்: 312'. தினமும் காலையில் ஷிப்ட் போர்மன் தன் கையாலேயே எண்ணை மாற்றி மாட்டுவார். சாமி படத்துக்குப் பூ வைக்கிற மாதிரி அத்தனை கவனம். முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் அவருக்கு மேலாளர் நாற்காலி என்று ஆலை முழுக்கப் பேச்சு.

அவளுக்குக் கொடுத்த வேலை விபத்துப் பதிவேடு. யாருக்கு, எங்கே, எதனால் அடிபட்டது என்று எழுதி, அதைச் சரிசெய்யும் வரை துரத்துவது. பதிவேட்டைப் புரட்டினாள். பத்து மாதமாக ஒரு கீறல் கூட இல்லை. இத்தனை இரும்பும் கல்லும் ஓடுகிற இடத்தில் ஒருத்தருக்கும் நகம் கூடப் பெயரவில்லையா? நம்புகிற மாதிரியா இருக்கிறது!

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவரக் கிளம்பினாள். கல்லை ஏற்றிச் செல்லும் மூன்றாம் பெல்ட்டின் அருகே ஒரு ஃபிட்டர் குனிந்து இடது கையால் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். வலது கையில் இரண்டு சைஸ் பெரிய கையுறை. நிமிர்ந்தான்.

அதே கண்கள்.

"நீங்களா!" என்றான் அவன். முகம் பூராவும் வெளிச்சம். "உங்க வீட்டு முழங்கால் என்கிட்ட மாட்டிக்கிச்சு. பத்திரமா அலமாரியில வெச்சிருக்கேன்."

"உங்க கை எங்க வீட்டு மேசை மேல கிடக்கு."

"கொடுத்துவெச்ச கை..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அப்போதுதான் அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையை அவன் படித்தான். விபத்துப் பதிவு. வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தது.

"மேடம்... அது வீட்டுக் கதவு."

"அந்தக் கதவு இந்த ஆலையில எங்க இருக்கு?"

"விட்டுடுங்க மேடம். போர்மன் என் அக்கா வீட்டுக்காரர். அப்பா அம்மா போனப்புறம் என்னைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர். இன்னும் அம்பத்து மூணு நாள்... என்னால அந்த நம்பர் போச்சுன்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவர் வீட்டுல சாப்பிடுவேன்?"

"விரல் உடைஞ்சது படத்துல தெரியுது. எந்த இடத்துல, எதனாலன்னு உங்களுக்குத்தான் தெரியும். நாளைக்கு அதே இடத்துல இன்னொருத்தர் கை வைப்பாரே... அவருக்கு யாரு சொல்றது?"

அவன் மறுபடி நட்டை முடுக்கக் குனிந்தான்.

"நான் எழுதத்தான் போறேன்" என்றாள் அவள். "ஷிப்ட் முடியறதுக்குள்ள நீங்களா வந்தா உங்க வார்த்தையில எழுதுவேன். இல்லேன்னா என் வார்த்தையில எழுதுவேன்."

"ரொம்பத்தான் கறாரு!"

"எங்கப்பாவுக்கு ஒரு காது கேட்காது. 'காது இரையுது'ன்னு அஞ்சு வருஷம் வீட்டுல மட்டும் சொன்னாரு. அப்பத்திய போர்மன் மனசு நோகும்னு ஆலையில சொல்லல. யாரும் எழுதல. அப்புறம் அதே உருளைக்கிட்ட நின்ன நாலு பேருக்குக் காது போச்சு. அதனாலதான் கறாரு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வந்த முதல் நாளே பகை தேடிக்கொண்டாயிற்று. அதுவும் யாரிடம்? நேற்று ராத்திரி முழுக்க யாரை நினைத்துத் தூக்கம் வராமல் புரண்டாளோ, அவனிடமே...

சங்கு ஊதப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. மழையில் தொப்பலாக நனைந்து நின்றான் அவன்.

"எழுதிக்குங்க. மூணாம் பெல்ட், வால்பக்க உருளை. ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டும்போது கையுறையை இழுத்துடுச்சு. பெல்ட்டை நிறுத்தற அவசரக் கயிறு பக்கத்துலயே இருக்கு. பிடிச்சு இழுத்தேன். துணி காயப்போடற கொடி மாதிரி தொளதொளன்னு கையோட வந்துச்சு. பெல்ட் நிக்கல. கையுறை உள்ள போச்சு. கை வெளிய வந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். மூன்றாம் பெல்ட்டை உடனே நிறுத்தச் சொன்னாள். கயிறு சரியாகும் வரை ஓடாது என்றாள். அதற்கப்புறம்தான் படிவத்தை அவன் பக்கம் தள்ளினாள். அதில் ஒரு மனித உருவம் வரைந்திருக்கும். அடிபட்ட இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அவன் இடது கையால் பேனாவைப் பிடித்து, விரல் மேல் கோணலாக ஒரு புள்ளி வைத்தான். வைத்துவிட்டுத் தயங்கினான்.

"நெஞ்சுலயும் ஒண்ணு வைக்கலாம்னு பார்த்தேன்... பொய்ப் பதிவுன்னு அடிச்சுடுவீங்க."

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்து போயிற்று.

*

மறுநாள் காலை போர்மன் பலகையில் பூஜ்யத்தை மாட்டினார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சானிடமும் பேசவில்லை. ஆலையில் அவளுக்கு 'நோட்டு மேடம்' என்று பெயர் விழுந்தது. அவள் வந்தால் டீக்கடை பெஞ்சில் பேச்சு அப்படியே நின்றது.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள். அவன் வராததைத்தான் தாங்க முடியவில்லை. அவள் கொண்டுவந்து கொடுத்த தன் படத்தை வாங்கிக்கொண்டு போனவன், அப்பாவின் முழங்காலைத் திருப்பிக் கொடுக்கக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அக்கா வீட்டில் என்ன நடக்கிறதோ... திட்டுகிறார்களோ... தன்னால்தான் என்று வெறுத்துவிட்டானோ? ஒரு நாளைக்குப் பத்து தடவை ஜன்னல் வழியே மூன்றாம் பெல்ட்டைப் பார்ப்பாள். புதுக் கயிறு சிவப்பாக, விறைப்பாக ஓடியது. அதையாவது பார்க்க முடிகிறதே என்று இருந்தாள்.

பதினோராம் நாள் காலையிலிருந்தே மழை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் அலாரம் வீல் என்று அலறியது. ஜன்னல் வழியே பார்த்தாள். மூன்றாம் பெல்ட் நின்றிருந்தது. சுற்றிலும் கூட்டம்.

அவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. 'அவனா... அவனா இருக்கக் கூடாது... யாராயிருந்தாலும் உயிர் இருக்கணும்...' கூட்டத்தை விலக்கினாள்.

தரையில் போர்மன் உட்கார்ந்திருந்தார். அவரைக் கட்டிப் பிடித்தபடி ஃபிட்டர். போர்மனின் வலது கைச் சட்டை தோளோடு கிழிந்து, உருளையில் சுற்றிக் கிடந்தது. கை? கை இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"வழுக்கி விழுந்தேன்..." போர்மன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சட்டை மாட்டிக்கிச்சு. இழுத்துச்சு. கயிறுதான் கைக்குக் கிடைச்சுது... நின்னுடுச்சும்மா. இழுத்ததும் நின்னுடுச்சு."

அவள் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது.

"கயிறு தொளதொளன்னு இருக்குன்னு இவன் எப்பவோ சொன்னான்" என்றார் போர்மன். "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்னு நான்தான் தள்ளிப் போட்டேன். நம்பரைப் பார்த்த கண்ணு கயித்தைப் பார்க்கல. நீங்க எழுதலேன்னா இந்நேரம் என் வீட்டுக்காரிக்கு..." சட்டையில்லாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதிக்குங்கம்மா. நூலிழையில தப்பிச்சார்னு எழுதுங்க. நஷ்டம் ஒரு சட்டை."

எழுந்து நின்றதும் அவர் மச்சான் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

"டேய், பத்து நாளா அலமாரியில ஒரு முழங்காலை வெச்சுக்கிட்டு, எடுத்து எடுத்துப் பார்த்துட்டு வைக்கறியே... உன் அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா. இன்னிக்குச் சாயந்திரம் போய்க் குடுத்துட்டு வா. சொல்ல வேண்டியதையும் சொல்லிட்டு வா."

அவன் அவளைப் பார்த்தான். வெறுப்பு இல்லை... துளிகூட இல்லை. அந்தக் கண்களில் இத்தனை நாள் பதுங்கியிருந்த பயமும் இல்லை.

*

சாயந்திரம் மழை விட்டிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான் அவன். அப்பா தன் முழங்காலை ஆசையாகப் பார்த்து, "இதுதான்... இதுதான் என்னுது" என்று மடியில் வைத்துக்கொண்டார். டிவியில் செய்தி முழங்கியது. கதவோரம் ஒட்டி நின்றாள் அவள்.

"சார்... உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றான் அவன், மெதுவாக.

"என்னப்பா?"

"உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார்!"

"சத்தமா சொல்லு தம்பி, டிவி ஓடுதுல்ல."

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். வெட்கம் தாங்காமல் அவள் பாய்ந்து போய் டிவியை அணைத்தாள். அணைத்த அதே நொடியில்...

"உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் காதுவரை சிவந்து எழுந்து நின்றுவிட்டான்.

"உட்காருப்பா" என்றார் அப்பா, நிதானமாக. "எனக்கு இந்த வலது காது நல்லாவே கேட்கும். முதல் தடவையே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்ப்பா?" என்று அலறினாள் மகள்.

"கதவு இடுக்குன்னு கதை சொன்ன பையனாச்சே. மூணு தடவை கேட்டாலும் மாத்தாம சொல்றானான்னு பார்த்தேன்." முழங்காலைக் கவருக்குள் போட்டார். "சொல்றான்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவள் பக்கம் திரும்பினான்.

"நான் சொல்லியாச்சு. இனி நீங்க... உங்க வார்த்தையில சொல்லிட்டா நல்லது. இல்லேன்னா என் வார்த்தையில நானே எழுதிக்குவேன்."

அவள் அவன் கையைப் பார்த்தாள். கட்டுப் பிரித்திருந்தார்கள். இரண்டு விரலும் இன்னும் கொஞ்சம் வீங்கி இருந்தன. ஆனால் முழுசாக இருந்தன. எல்லாருடையதும் முழுசாக இருந்தன.

"எனக்கும்... பிடிச்சிருக்கு" என்றாள். "அந்த ஜன்னல்ல முட்டிக்கிட்டப்பலேர்ந்தே."

"என்னம்மா?" என்று அப்பா காதில் கை வைத்தார்.

அவள் சிரித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தேதான் இருந்தது. இருக்கட்டும்! தெரு முழுக்கக் கேட்கும்படி, ஒரு எழுத்தும் மாற்றாமல், இன்னொரு தடவை சொன்னாள்.