வெள்ளாற்றுத் துறையில் செங்கம்பளம்

தைத் திங்களின் அந்த மாலையில் வெள்ளாறு இரண்டு நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே மறையும் கதிரவன் நீரின் ஒரு பாதியில் குருதிச் செம்மையைக் கரைத்துவிட்டிருக்க, அதற்குள் கீழ்வானில் எழுந்துவிட்ட மதி மறுபாதியில் வெள்ளியை உருக்கி வார்த்திருந்தது. நாரைகளும் காக்கைகளும் கூட்டம் கூட்டமாகத் தென்கரைப் பனந்தோப்பின் மேல் வட்டமிட்டன. இறங்க அஞ்சியவைபோல மீண்டும் மீண்டும் வடகரைக்கே திரும்பி வந்து, பழக்கமில்லாத மரங்களில் இடம் தேடி அலைந்தன.

அன்புள்ள வாசகர்களே, தான் அடையும் தோப்பில் பறவை இறங்க மறுத்தால், அங்கே மனிதர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று பொருள். வடகரை மணலில் அமர்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த எயினனுக்கு அது தெரியும். ஒளிந்திருப்பவர்கள் இருபது வில்லாளர்கள் என்பதும், அவர்கள் குதிரைகளின் வாய்கள் கட்டப்பட்டிருக்கும் என்பதும்கூட அவனுக்குத் தெரியும். ஏனெனில் அவர்களுக்கு இலக்கைக் காட்டிக்கொடுக்க வந்தவனே அவன்தான்.

நெற்றியில் நீறும் தோளில் மூட்டையுமாக அவன் பன்னிரண்டு அடியவர்களோடு ஆறு நாளாக நடந்து வந்திருந்தான். சுனைமலைக்குச் செல்லும் யாத்திரைக் கூட்டம் அது. அவனுடைய மூட்டைக்குள் நான்காய் மடித்த சிவந்த கம்பளம் ஒன்று இருந்தது. ஆறு நாளும் கடுங்குளிர். ஆனால் எயினன் ஒரு முறையும் அதை விரித்துப் போர்த்தியதில்லை.

அந்தக் கம்பளத்தை அவன் கையில் கொடுத்தவர் வேங்கைக்கோட்டையிலிருந்து ஆணை செலுத்திய விடங்கர். வல்லநாட்டை ஆண்ட வேளுக்கு அவர் இளவல். ஆறு திங்களுக்கு முன் ஒரு மாலை உணவுக்குப்பின் வேள் வாயில் நுரை தள்ளி மாண்டுபோனார். அரியணைக்கு உரியவள் அவருடைய ஒரே மகள் பூதிநங்கை. தாய்மாமன் மாளிகையில் வளர்ந்த அவளை வல்லநாட்டார் எவரும் கண்டதில்லை. அந்நாட்டில் முடிசூட வேண்டியவர் யாராயினும், பெயரும் குலமும் சொல்லாமல் எளிய அடியவர்களோடு ஏழு நாள் கால்நடையாகச் சுனைமலை சென்று, அங்குள்ள சுனைநீரைத் தாமே சுமந்து வந்து அதில்தான் நீராட வேண்டும். அந்த வழக்கத்தை விடங்கரால் தடுக்க முடியவில்லை. ஆகவே தமது ஒற்றர்களில் தேர்ந்தவனை அழைத்தார்.

"கூட்டத்தில் பெண்கள் ஐவர். எவள் பூதிநங்கை என்பதை நீ கண்டுபிடி. வெள்ளாற்றுத் துறைக்கு வந்ததும் குளிருக்கு என்று சொல்லி இதை அவளுக்குப் போர்த்திவிடு. மறுநாள் விடியலில் ஆற்றில் இறங்கும் சிவப்பை மட்டும் என் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்ற அடியவர்கள் மேல் ஒரு கீறலும் விழக்கூடாது, அந்தப் பழியை நாடு பொறுக்காது," என்று அவர் தணிந்த குரலில் கூறியிருந்தார். பதினைந்தாம் வயது முதல் அவர் உப்பைத் தின்று வளர்ந்த எயினன், எப்போதும்போல் தலைவணங்கிவிட்டு வந்தான்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் அவன் எதிர்பாராத ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தி மயங்கும் வேளையில் அனைவரும் வட்டமாக அமர்வார்கள். அன்று இறைவனை எங்கே கண்டார் என்பதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் நாள் எயினன், வழியில் கண்ட கோயில் விமானம் இளவெயிலில் பொன்னாக மின்னியதை நயமாக எடுத்துரைத்தான். கூட்டத்தை நடத்திச் சென்ற காரியார், முன்பு யானைப்பாகராயிருந்து இடக்கையை இழந்தவர், மெல்லச் சிரித்தார்.

"கோயில்லே இருக்கிறவரைக் கோயிலுக்குப் போனாப் பாத்துக்கலாம், அப்பா. அதுக்கு இத்தனை தூரம் நடக்க வேணாம். வீட்டு வாசல்லேயே கிடந்து, நாம மிதிச்சுக்கிட்டுப் போறது இருக்குமே, அதுலே என்ன பாத்தே? அதைச் சொல்லு."

வழியெங்கும் எயினன் பார்த்துக்கொண்டேதான் வந்தான். எந்தப் புதரில் ஆள் பதுங்கலாம், எந்தக் கிணறு ஆழமானது, எவருடைய நடையில் அரண்மனைப் பழக்கம் தெரிகிறது என்றெல்லாம் பார்த்தான். பதினைந்து ஆண்டுகளாக அவன் கண்கள் கேட்டைத் தேடுவதற்கே பழகியிருந்தன. வேறெதையும் அவை பற்றிக்கொள்ளவில்லை.

மற்றவர்கள் சொன்னவை மிகச் சிறியவை. பசு தன் கன்றின் முதுகை நக்கியதை ஒருவர் சொன்னார். மருதி என்ற பருத்த பெண் ஒருத்தி, நாள் முழுதும் கால் கொப்புளத்தை நொந்துகொண்டே வருபவள், தினந்தோறும் சோற்றைப் பற்றியே பேசினாள்: உலையில் அரிசி கொதிக்கும் ஓசை, வடித்த சோற்றின் ஆவி, அதன் வாசனை. அவள் வாய் திறந்தாலே கூட்டம் சிரிக்கும்; எயினனும் சிரித்தான். மூன்றாம் நாள் வெண்ணி என்ற இளநங்கை, ஓங்கிய உருவமும் நிமிர்ந்த கழுத்தும் உடையவள், வேறொன்று சொன்னாள். கிணற்றடியில் ஒரு குயவர் மனைவி தன் கையில் நீர் வார்த்தாள் என்றும், நீ யார் என்று அவள் கேட்கவேயில்லை என்றும், பெயர் கேட்காமல் வார்த்த அந்த நீரில் இறைவனைக் கண்டதாகவும் கூறினாள்.

கேட்ட கணமே எயினன் தெரிந்துகொண்டான். பெயரும் விருதும் முழங்காமல் ஒரு மிடறு நீரும் அருந்தியறியாதவளுக்கே அது வியப்பாக இருக்கும். தேடியது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்ததில் அவனுக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை.

நான்காம் நாள் அவன் குதிகாலில் கருவேல முள் ஆழப் பாய்ந்தது. வெண்ணி அவன் காலைத் தன் மடிமேல் வைத்து, இன்னொரு முள்ளால் அதைக் கிளறி எடுத்தாள். அன்று மாலை அவன் முறை வந்தபோது, "என் காலில் தைத்த முள்ளை எடுத்த கையைப் பார்த்தேன்," என்றான். அந்த வட்டத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அது. சொன்ன பிறகு அவனுக்கு அச்சமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அவர்கள் கடந்த சிற்றூர் எரிந்து கிடந்தது. முன்னே சென்ற விடங்கரின் ஆட்கள் தங்களைக் கண்டவர்கள் எவரும் வாய் திறவாதிருக்க அப்படிச் செய்திருந்தார்கள். புகையும் கூரைகளின் நடுவே ஒரு மூதாட்டி, எரியாமல் எஞ்சிய பிடி அவலை வழிப்போக்கர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். எயினன் கைக்கும் ஒரு பங்கு வந்தது. அதை உண்ணாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தான்.

இப்போது ஆறாம் நாள் மாலை. வட்டம் கூட இன்னும் சற்று நேரம் இருந்தது. வெண்ணி தனியே ஆற்றோரம் நின்றாள். எயினன் எழுந்து அவளருகே சென்றான்.

"தேவி, நாளை தாங்கள் இந்தத் துறையில் இறங்கக்கூடாது," என்று தொடங்கி, தான் யார், யாரால் அனுப்பப்பட்டவன், அக்கரைத் தோப்பில் இருப்பவர்கள் யார் என்பதையெல்லாம் ஒளிவின்றிச் சொல்லிவிட்டு, தண்டனைக்குக் காத்திருப்பவன்போலத் தலை குனிந்தான்.

அவள் முகத்தில் வியப்பே தோன்றவில்லை.

"இரண்டாம் நாளே அறிவேன். நீர் மனிதர்களின் முகத்தைப் பார்க்குமுன் அவர்களின் கால்தடத்தைப் பார்க்கிறீர். பல் கிட்டும் குளிரிலும் உமது மூட்டையிலுள்ள கம்பளத்தை விரிப்பதில்லை. அது வேறொருவருக்காக வந்தது என்று எனக்குப் புரிந்தது. நான் தேவி அல்ல; தேவிக்காக உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்த வேளைக்காரப் படையைச் சேர்ந்தவள். ஒற்றன் எவனேனும் கூட்டத்தில் இருந்தால் அவன் கண் என்மேல் விழ வேண்டும் என்பதற்காகவே கிணற்றடிச் சொற்களைச் சொன்னேன்." அவள் கையை நீட்டினாள். "மூன்று நாளாக அந்தக் கம்பளத்துக்குத்தான் காத்திருக்கிறேன். கொடும்."

எயினன் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். அப்படியானால் அந்த நீரைப் பற்றிச் சொன்னது பொய்யா என்று மட்டும் கேட்டான். தன் உயிர் போவதைவிட அதற்கான விடை அவனுக்குப் பெரிதாக இருந்தது.

வெண்ணி நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள். "சொல்லும்போது அது கற்றுக்கொடுத்த பாடம். சொன்ன பிறகு அந்த நீரின் சுவை என் நாவில் நின்றுவிட்டது. அன்று முதல் எங்கே நீர் அருந்தினாலும் அந்தப் பெண்ணின் வளைக்கரம் நினைவுக்கு வருகிறது. உமது முள்ளை எடுத்தது எவரும் கற்றுக்கொடுத்ததல்ல," என்றாள்.

"கம்பளத்தை அவளிடம் கொடுக்காதே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

இருவரும் திரும்பினார்கள். கொப்புளம் கட்டிய கால்களோடு மருதி நின்றுகொண்டிருந்தாள். ஆனால் இத்தனை நாளும் நொந்து முனகிய குரல் அல்ல அது. வெண்ணி மணலில் மண்டியிட்டதைக் கண்ட பிறகே, தன்னோடு ஆறு நாள் நடந்தவள் யார் என்பதை எயினன் உணர்ந்தான்.

"நான்தான் பூதிநங்கை," என்றாள் அவள். "என் தந்தை இறந்த நாள் முதல் என் முன் வைக்கப்பட்ட சோறு மூன்று பேர் சுவைத்து, ஆறிக் குளிர்ந்து வந்த சோறு. ஆவி பறக்கும் சோற்றை இந்த வழியில்தான் கண்டேன். நீங்கள் சிரித்தீர்கள், நான் உண்மையைத்தான் சொன்னேன். எனக்காக இன்னொருத்தி ஆற்றில் மிதக்க, அந்தப் பழி படிந்த கையால் நான் சுனைநீரை எடுக்க மாட்டேன்."

எயினன் அவள் காலடியில் விழுந்து தனக்குரிய தண்டனையைக் கேட்டான். யாத்திரை முடியும்வரை தான் எவருக்கும் தண்டனை அளிக்கும் நிலையில் இல்லை என்று அவள் மறுத்துவிட்டாள். அப்படியானால் வேறொன்று தரவேண்டும் என்று எழுந்து நின்று கேட்டான் எயினன். அவன் கேட்டது கம்பளத்தைத் தானே போர்த்திக்கொள்ளும் உரிமை. வெண்ணி சீறி எதிர்த்தாள். பூதிநங்கை அவன் முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள், பிறகு இசைவாகத் தலையசைத்தாள்.

விடியலுக்குச் சற்று முன் பனி ஆற்றை மூடியது. அடியவர்கள் ஓசையின்றி மேற்கே நடந்து, இரண்டு நாழிகைத் தொலைவிலிருந்த மேல்துறையில் இறங்கினார்கள். காரியார் மட்டும் பின்தங்கி, கூட்டம் அங்கேயே இருப்பதாக அக்கரையார் எண்ணும்படி, ஒற்றைக் கையால் சேமக்கலத்தை ஓங்கி அடித்துக்கொண்டேயிருந்தார். அந்த ஓசையின் நடுவே, கம்பளத்தைத் தலையோடு போர்த்திய எயினன் பெண்போல் தயங்கித் தயங்கி நீரில் இறங்கினான்.

இடுப்பளவு ஆழம் வந்தது. அக்கரை இன்னும் தெரியவில்லை. முதல் அம்பு அவன் காதருகே நீரைக் கிழித்தது. இரண்டாவது இடத்தோளில் ஆழப் பதிந்தது. அவன் அலறவில்லை, ஆணின் குரல் கேட்டுவிடக்கூடாதே என்று பல்லைக் கடித்தபடி மூழ்கினான். நீருக்கடியில் கம்பளத்தை உதறினான். குருதி தோய்ந்த சிவப்பு மட்டும் மேலெழுந்து மிதந்து சென்றது. அதை அக்கரையில் ஒருவன் ஈட்டி முனையால் தூக்கி எடுத்தான். பிறகு கொம்பு முழங்கியது. இருபது குதிரைகள் வேங்கைக்கோட்டை நோக்கிப் பாய்ந்தன.

அரை நாழிகைத் தொலைவில் நாணற்புதர் ஒன்றில் எயினன் கரையேறியபோது, ஒரு கை அவனைப் பற்றி இழுத்தது. தன்னைத் தேவியே அங்கே அனுப்பியதாக வெண்ணி சொன்னாள். அம்பை ஒடித்து எடுத்தாள். தன் முந்தானையைக் கிழித்து இறுகக் கட்டினாள். எயினன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டைத் தேடிய கண்கள் இப்போது வேறெங்கும் போகவில்லை.

சற்றுத் தேறியதும் அவன் தான் கோட்டைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றான். வெண்ணிக்கு முதலில் புரியவில்லை. இளவரசி இறந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்ல ஒற்றன் வராவிட்டால் விடங்கர் ஐயுறுவார் என்றும், ஐயுற்றால் மலையைச் சுற்றி வளைப்பார் என்றும் விளக்கினான். தோள் காயத்தைப் பற்றிக் கேட்டால், இளவரசியைத் துறைக்கு அழைத்துச் சென்றபோது தவறிப் பட்டது என்று சொல்லிக்கொள்வதாகவும் கூறினான். நஞ்சு வைக்கும் வீட்டுக்கு அவன் தானாகவே நடந்து போகிறான் என்பதை அவள் உணர்ந்தாள். தடுக்க வழி எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"தேவி சுனைநீரோடு கோட்டை முன் வந்து நிற்கும் நாளில் வடக்கு வாயில் உள்ளிருந்து திறக்கும். இது என் சூள்," என்றான் எயினன்.

"திறக்காவிட்டால்?"

"நான் உயிரோடு இல்லை என்று அறிந்துகொள்."

தென்திசையில் கொம்பொலி தேய்ந்து மறைந்தது. வெண்ணி இடைக்கச்சையில் மறைத்திருந்த குறுவாளை உருவி, அதன் அலகின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"திறக்காவிட்டால் அன்றே அதை வெளியிலிருந்து நான் திறப்பேன். உயிரோடிருந்தால் உம்மை அழைத்துக்கொண்டு வருவேன். இல்லாவிட்டாலும் உம்மை அவர்களிடம் விட்டுவிட்டு வரமாட்டேன்."